பவர் ஸ்டீயரிங்கில் எந்த ஆயிலை ஊற்றுவது?

திண்டுக்கல்லைத் தாண்டி ஒட்டன்சத்திரம் போகும் வழியில் மாமாவின் இன்னோவா முனக ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் பானெட்டுக்குள்ளிருந்து ‘உய்ங்’ என்று ஒரு சத்தம் வரும். நேராகப் போனால் அடங்கிவிடும். சாலையோரப் பட்டறை ஒன்றில் நிறுத்தினோம். அங்கிருந்த பையன் ஒரு மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “பவர் ஆயில் இறங்கிடுச்சு சார்” என்றான். ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்ப உதவும் பவர் ஸ்டீயரிங் எண்ணெயைத்தான் சொன்னான். அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து ஊற்றினான். சத்தம் நின்றது. காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

மூன்று வாரம் கழித்து, கார் நிற்கும் இடத்தில் சிமென்ட் தரையில் எண்ணெய்த் திட்டு. எங்கள் ஊர் மெக்கானிக் ரேக்கை, அதாவது ஸ்டீயரிங் திரும்பும்போது முன் சக்கரங்களைத் தள்ளித் திருப்பும் பாகத்தைக் கழற்றி, உள்ளேயிருந்த சீல் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். விறைப்பாக, விளிம்பு கூராக இருக்க வேண்டிய ரப்பர் வளையம் அது. விரலால் அழுத்தினேன், தண்ணீரில் நனைந்த அப்பளம் போலக் குழைந்தது. “பிரேக் ஆயிலை ஊத்திருக்காங்க தம்பி” என்றார். ரேக்கையும் பம்பையும் பிரித்து, எல்லா சீல்களையும் மாற்றி, குழாய்களைக் கழுவி முடிக்க நான்கு நாளானது. சரியான ஆயில் ஒரு பாட்டில் சில நூறு ரூபாய்தான். அதைப்போல் பல மடங்கு மாமாவுக்குச் செலவு.

அன்றிலிருந்து கார் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதல் கேள்வி, உங்கள் காருக்கு இந்த ஆயில் வேண்டுமா என்பதே. கடந்த பதினைந்து இருபது வருடங்களில் வந்த சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டாம். ஸ்விஃப்ட், வேகன் ஆர் போன்றவற்றில் ஸ்டீயரிங்குக்கு உதவுவது ஒரு மின் மோட்டார். 1988-இல் ஜப்பானில் சுசுகி தன் செர்வோ காரில் கொண்டுவந்த முறை அது. அதில் எண்ணெயும் இல்லை, பம்பும் இல்லை. அப்படிப்பட்ட காருக்கு ‘பவர் ஆயில் மாத்தணும்’ என்று யாராவது பில் போட்டால் தயங்காமல் கேள்வி கேளுங்கள்.

பழைய இன்னோவா, பொலிரோ, பழைய அக்சென்ட், லாரிகள், பஸ்கள் இவையெல்லாம் ஹைட்ராலிக் வகை. எண்ணெயின் அழுத்தத்தால் வேலை செய்பவை. கண்டுபிடிப்பது எளிது. பானெட்டைத் திறந்து, எஞ்சின் பெல்ட் ஓடும் பக்கம் பாருங்கள். பம்பின் மேலோ அதற்கு அருகிலோ ஒரு சின்ன டப்பா இருக்கும், மூடியில் பெரும்பாலும் ஸ்டீயரிங் சக்கரத்தின் படம். இல்லையென்றால் உங்களுடையது அநேகமாக மின்சார வகை. இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாவது வகையும் உண்டு: பம்பை எஞ்சின் பெல்ட்டுக்குப் பதில் மின் மோட்டார் ஓட்டும், அழுத்தம் கொடுப்பது எண்ணெய்தான். அதற்கும் ஆயில் வேண்டும். அந்த டப்பா சட்டென்று கண்ணில் படாத இடத்தில் இருக்கலாம் என்பதால் மேனுவலையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

பிரேக் ஆயில் டப்பாவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் ஊர்க் கார்களில் பிரேக் டப்பா ஓட்டுநருக்கு நேர் முன்னால், கண்ணாடிக்குக் கீழே உள்ள தடுப்புச் சுவரை ஒட்டி இருக்கும். அதன் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

ஸ்டீயரிங் தண்டின் அடியில், வால்வுக்குள், மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று இருக்கிறது. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்ப, தரையில் அழுந்தியிருக்கும் டயர் திரும்ப மறுக்க, அந்தக் கம்பி இம்மியளவு முறுகும். அந்த இம்மி முறுக்கல் போதும், வால்வில் வழி திறந்துகொள்ள. பம்ப் அனுப்பும் எண்ணெய் ரேக்குக்குள் இருக்கும் பிஸ்டனின் ஒரு பக்கம் பாய்ந்து அதைத் தள்ளும். சக்கரம் திரும்பியதும் முறுக்கு அவிழும், வால்வு மூடும், எண்ணெய் வேறு குழாய் வழியாக டப்பாவுக்குத் திரும்பிவிடும். நீங்கள் சுண்டு விரலால் காரைத் திருப்புவதாக நினைக்கிறீர்கள், தள்ளுவது எண்ணெய்.

எவ்வளவு அழுத்தம் தெரியுமா? டயருக்குக் காற்றடிக்கும்போது 33 என்கிறோமே, அதே அளவையில் சொன்னால், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துப் பிடிக்கும்போது இங்கே 1,000-ஐத் தாண்டும். அவ்வளவு அழுத்தத்தையும் வெளியே விடாமல் பிடித்து நிறுத்துவது அந்த ரப்பர் சீல்கள்தான். எந்த ஆயில் என்ற கேள்வி முக்கியமாவதும் இதனால்தான்.

அந்த எண்ணெய் ஒரே நேரத்தில் பல வேலை பார்க்கிறது. அழுத்தத்தைக் கடத்த வேண்டும். பம்புக்குள் சுழலும் தகடுகள் தேயாமல் வழவழப்புக் கொடுக்க வேண்டும். எஞ்சின் சூட்டில் வெந்து கெட்டுப்போகக் கூடாது, நுரைக்கக் கூடாது. ரப்பரைக் காயவும் விடக் கூடாது, ஊறவும் விடக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் பிரேக் ஆயில் மாமாவின் காரைக் கெடுத்தது. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் உண்மையில் எண்ணெயே இல்லை. கிளைகால் வகை ரசாயனம். பிரேக்கில் இருக்கும் ரப்பர் அதற்கென்றே தேர்ந்தெடுத்த ரப்பர். ஸ்டீயரிங்கில் இருப்பது பெட்ரோலிய எண்ணெயைத் தாங்கும் வேறு ரப்பர். ஆளுக்கொரு குணம், மாற்றி ஊற்றினால் இரண்டும் கெடும்.

இதைத் தலைகீழாகச் செய்வது இன்னும் ஆபத்து. பிரேக் டப்பாவில் தெரியாமல் பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றிவிட்டால் பிரேக்கின் ரப்பர்கள் உப்பிவிடும். பிரேக் பிடித்தபடியே இறுகலாம், பிடிக்காமலும் போகலாம். அப்படி நடந்துவிட்டால் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். பிரேக்கை மிதித்துப் பார்க்கவும் வேண்டாம். வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது எண்ணெயின் தடிமன். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாது. சித்திரையில் அதுவே தண்ணீர்போல் ஓடும். ஸ்டீயரிங் எண்ணெய் அப்படி மாறக் கூடாது. விடியற்காலைக் குளிரில் கெட்டியாக இருந்தால் பம்ப் அதை இழுக்க முடியாமல் முனகும், ஸ்டீயரிங் கனக்கும். மதிய வெயிலில் ஒரேயடியாக இளகிவிட்டால் பம்பின் தகடுகளுக்கு நடுவே கசிந்து, அழுத்தம் குறையும். எஞ்சின் ஆயில் இதற்குத் தடிமன் அதிகம், சேர்மானங்களும் வேறு. ‘எண்ணெய்தானே, எது ஊத்தினா என்ன’ என்று யாராவது அதை ஊற்ற வந்தால் விடாதீர்கள்.

எத்தனை வகை

கடை அலமாரியில் பத்துப் பெயர் இருந்தாலும் அடிப்படையில் மூன்று நான்கு குடும்பங்கள்தான்.

முதலாவது ஏ.டி.எஃப். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்காகப் பிறந்த சிவப்பு எண்ணெய். இது ஸ்டீயரிங்குக்கு எப்படி வந்தது என்பது சுவையான கதை. அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் 1926-இலேயே ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் பவர் ஸ்டீயரிங்கை ஓட்டிக் காட்டினார். ஆனால் விற்பனைக்கு வந்த முதல் பயணிகள் கார் 1951-இன் கிரைஸ்லர் இம்பீரியல். அதற்குச் சற்று முன்புதான், 1949-இல், ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்டோமேட்டிக் கியருக்காக ‘டைப் ஏ’ என்ற எண்ணெய்த் தரத்தை அறிவித்திருந்தது. மெல்லியதாக, நுரைக்காததாக, ரப்பரோடு ஒத்துப்போவதாக ஒரு எண்ணெய் ஏற்கெனவே எல்லாக் கடையிலும் கிடைக்கும்போது ஸ்டீயரிங்குக்குத் தனியாக ஒன்று எதற்கு? பலரும் அதையே ஊற்றினார்கள். டைப் ஏ-வின் வாரிசுதான் 1960-களின் கடைசியில் வந்த டெக்ஸ்ரான். அதன் பிறகு டெக்ஸ்ரான் 2, டெக்ஸ்ரான் 3 என்று வளர்ந்தது. பாட்டிலில் இந்த எண்கள் ரோமன் எழுத்தில் இருக்கும்.

மாமாவின் பழைய இன்னோவாவின் மேனுவலில் இருப்பதும் இதுதான்: டெக்ஸ்ரான் 2 அல்லது 3. ஒரு சின்னச் சிக்கல் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் டெக்ஸ்ரான் 3-க்கு உரிமம் கொடுப்பதை 2006-உடன் நிறுத்திவிட்டது. ஆகவே இன்று கடையில் கிடைப்பது ‘டெக்ஸ்ரான் 3 தேவைப்படும் இடங்களுக்கு ஏற்றது’ என்று தயாரிப்பாளர் தன் பொறுப்பில் சொல்லும் எண்ணெய். நல்ல கம்பெனி எண்ணெயாக, சீல் உடையாத பாட்டிலாக வாங்குவதற்கு இது ஒரு காரணம். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் சிவப்பு எண்ணெயை நான் தொடவே மாட்டேன்; உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. டெக்ஸ்ரான் 6 இவற்றைவிட மெல்லியது. கியர்பாக்ஸில் பழையதற்குப் பதிலாகப் போடலாம் என்பதை வைத்து ஸ்டீயரிங்கிலும் போட்டுவிடாதீர்கள். உங்கள் மேனுவல் அனுமதித்தால் மட்டும் போடுங்கள்.

இரண்டாவது, கார் கம்பெனிகள் தமக்கென்று வகுத்துக்கொண்ட பவர் ஸ்டீயரிங் எண்ணெய்கள். ஹோண்டாவின் ஹைட்ராலிக் கார்களுக்கு ஹோண்டாவின் சொந்த எண்ணெய்தான், ஏ.டி.எஃப் ஊற்றினால் பெரும்பாலும் சீல் ஒழுகலில் போய் முடியும். ஹூண்டாய், கியா கார்களில் பி.எஸ்.எஃப்-3 என்றும் பி.எஸ்.எஃப்-4 என்றும் இரண்டு உண்டு. கம்பெனி பெயர் சரியாக இருந்தால் மட்டும் போதாது, எண்ணும் பொருந்த வேண்டும்.

மூன்றாவது ஐரோப்பிய வகை. பென்டோசின் என்ற பெயரில் பிரபலமான சி.எச்.எஃப் 11எஸ் என்ற பச்சை நிறச் செயற்கை எண்ணெய் இதில் முக்கியமானது. கடும் பனியிலும் உறையாமல் ஓடுவதற்காகச் செய்தது. ‘நம்ம ஊர்ல ஏது பனி, சிவப்பு ஆயிலே போதுமே’ என்று சிலர் வாதாடுவார்கள். குளிரைத் தாங்கும் குணம் நமக்குத் தேவையில்லைதான். ஆனால் அந்தப் பம்பும் வால்வும் சீலும் இந்த மெல்லிய எண்ணெயை மனதில் வைத்து வடிவமைத்தவை. ஊர் மாறினாலும் அவை மாறுவதில்லை. ஒரே மாடலிலேயே இரண்டு விதமும் வரலாம் என்பதற்கு பி.எம்.டபிள்யூ நல்ல உதாரணம். அவர்களுடைய இ46 வரிசைக் கார்களில் சிலவற்றின் மூடியில் ஏ.டி.எஃப் என்றிருக்கும், சிலவற்றில் சி.எச்.எஃப் 11எஸ் என்றிருக்கும். ‘என் நண்பரும் இதே கார்தான் வைத்திருக்கிறார், அவர் சிவப்புதான் ஊற்றுகிறார்’ என்பதெல்லாம் அங்கே செல்லாது.

நான்காவதாக, ‘எல்லா வண்டிக்கும்’ என்று எழுதி விற்கும் பொது எண்ணெய்கள். இவை எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். அந்தச் சின்ன எழுத்துப் பட்டியலில் உங்கள் மூடியில் இருக்கும் அதே பெயர் இருந்தால் வாங்கலாம். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் என்ன போட்டிருந்தாலும், பின்பக்கத்தில் உங்கள் தரம் இல்லையென்றால் வேண்டாம்.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நிறத்தைச் சொன்னேனே தவிர நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. நிறம் வெறும் சாயம். ஒரே சிவப்பில் ஒன்றுக்கொன்று பொருந்தாத எண்ணெய்கள் இருக்கின்றன. அதோடு ஐந்து வருடம் ஓடிய எண்ணெய் எந்த நிறத்தில் பிறந்திருந்தாலும் கடைசியில் கறுப்புக் காபி நிறத்துக்கு வந்துவிடும். ‘உள்ளே இருக்கறது என்ன கலர்னு பாத்து அதே ஊத்திடலாம்’ என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. அதை ஏற்காதீர்கள்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? முதலில் டப்பாவின் மூடி. தூசியைத் துணியால் துடைத்தால் பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். எழுத்து தேய்ந்திருந்தால் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் ‘அளவுகளும் தரங்களும்’ என்ற அட்டவணை. மேனுவலும் தொலைந்துவிட்டதா? சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் கம்பெனியின் ஸ்பேர் பார்ட்ஸ் பிரிவில் சரியான பாகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பழைய கார் வாங்கியவர்கள் மூடியை மட்டும் நம்பாமல் மேனுவலோடு ஒப்பிடுங்கள். மூடி வேறு வண்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

அளவு பார்ப்பது, ஊற்றுவது

டப்பாவிலோ மூடியோடு இணைந்த குச்சியிலோ கோடுகள் இருக்கும். சில கார்களில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற இரண்டே கோடுகள். டொயோட்டாவில் சூடு, குளிர்ச்சி என்று தனித்தனி அளவு. எஞ்சின் ஐந்து மணி நேரம்போல ஓடாமல் இருந்தால் குளிர்ச்சிக் கோடு. இருபது நிமிடம் நன்றாக ஓட்டிவிட்டு வந்தால் சூட்டுக் கோடு. எண்ணெய் சூட்டில் விரியும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. குளிர்ந்த வண்டியில் சூட்டுக் கோடுவரை நிரப்பினால், ஓடும்போது பொங்கி வெளியே வழியும். கோடை வெயிலில் நின்ற வண்டி என்றால் காலையில் வந்து பாருங்கள், அளவு துல்லியமாகத் தெரியும்.

மூடியைத் திறக்கும் முன் சுற்றியிருக்கும் மண்ணைத் துடைத்துவிடுங்கள். உள்ளே விழும் ஒரு மணல் பருக்கை வால்வின் மெல்லிய வழிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஒரு சொட்டு எண்ணெயை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். தெளிவாகப் பரவினால் நல்லது. கருத்து, கருகிய வாடை அடித்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. சிவப்பு எண்ணெய் வெளுத்து நுரைத்து ரோஸ் மில்க் மாதிரி தெரிந்தால், எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. பெரும்பாலும் டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஓஸின் கிளிப் தளர்ந்திருக்கும்.

இன்னொன்று, இந்த எண்ணெய் எரிந்து தீர்வதில்லை. மூடிய சுற்றுக்குள் போய் வந்துகொண்டே இருக்கும். அளவு குறைகிறது என்றாலே எங்கோ ஒழுகுகிறது. மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ரேக்கின் இரு முனையிலும் இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையை அழுத்திப் பாருங்கள். உள்ளே எண்ணெய் தளதளத்தால் ரேக் சீல் போய்விட்டது. வெளியே சொட்டாமல் உறைக்குள்ளேயே தேங்கியிருக்கும். ஒழுகலை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்பார்கள். பல மருந்துகள் பழைய ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைத்து ஒழுகலைத் தற்காலிகமாக அடைப்பவை. காரை விற்கப்போகிறவர்கள் வேண்டுமானால் அதை நம்பட்டும். நீங்களே ஓட்டப்போகிறீர்கள் என்றால் சீலை மாற்றுங்கள்.

முழுக்க மாற்ற எத்தனை கிலோமீட்டர்? பல கம்பெனிகள் கணக்கே சொல்வதில்லை. நான் 50,000 கிலோமீட்டரை ஒரு அளவாக வைத்திருக்கிறேன், துணியில் கருத்துத் தெரிந்தால் அதற்கும் முன்பே. வீட்டிலேயே செய்ய எளிய வழி: எஞ்சினை நிறுத்திவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சும் ஒரு முழ டியூபும் கொண்டு டப்பாவில் இருப்பதை உறிஞ்சி எடுங்கள். புதியதை ஊற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகச் சில முறை திருப்புங்கள். கோடியில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஐந்து நொடிக்கு மேல் போனால் பம்ப் சூடாகிவிடும். இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டு மறுபடி இதையே செய்யுங்கள். பல கார்களில் மொத்தமே ஒரு லிட்டர் சுமார்தான் என்பதால், நான்கைந்து முறையில் பெரும்பகுதி புதிதாகிவிடும். தவறான எண்ணெய் ஊற்றிய காருக்கு மட்டும் இந்த வழி போதாது. திரும்பி வரும் ஓஸைக் கழற்றி, மொத்தத்தையும் வடித்துக் கழுவ வேண்டும், அதுவும் உடனே. மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது. எடுத்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், பட்டறையின் கழிவு ஆயில் பீப்பாயில் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, எங்களுக்கு நேர்ந்த நிலைமை. ராத்திரி, பாதி வழி, டப்பாவில் எண்ணெய் இல்லை, சரியான ஆயிலும் கிடைக்கவில்லை. அழுத்தம் போனாலும் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இருக்கும் இரும்பு இணைப்பு அப்படியே இருக்கும். கார் திரும்பும், கை வலிக்கும் அளவுக்குக் கனமாக. ஆனால் வறண்ட பம்ப் கொஞ்ச நேரத்தில் தன்னைத் தானே அரைத்துக்கொள்ளும். உங்கள் காருக்கு டெக்ஸ்ரான் என்றால், நெடுஞ்சாலைக் கடையில் கிடைக்கும் வேறு கம்பெனியின் டெக்ஸ்ரான் 3 வகை ஏ.டி.எஃப்பைத் தயங்காமல் ஊற்றி ஓட்டலாம். ஹோண்டாவுக்கோ ஐரோப்பிய காருக்கோ உரியது கிடைக்கவில்லை என்றால் இழுவை வண்டியைக் கூப்பிடுவதுதான் மலிவு. பிரேக் ஆயிலை மட்டும் ஒரு மூடி அளவுகூட ஊற்ற விடாதீர்கள். நீண்ட பயணம் போகும்போது மாமா இப்போது அரை லிட்டர் பாட்டில் ஒன்றை டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறார்.